பறவைப் படத்தை எவ்வளவு கத்தரிக்கலாம்?

பறவைகளைப் படம் பிடிப்பதில் ஈடுபாடு கொண்டோர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பலர் உளர். விடியற்காலையில் காமிராவும் நீண்ட லென்சும் தோளில் தொங்கச் சதுப்பு நிலங்களையும் மலைக்காடுகளையும் நாடிச் செல்லும் அவர்கள், வீடு திரும்பியதும் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியவர்கள் ஆகின்றனர். எடுத்த படத்தில் பறவை சிறியதாய் ஒரு புறம் இருக்கிறது. சுற்றிலும் இலையும் வானும் சேறும் இருக்கின்றன. இவற்றுள் எவ்வளவை வெட்டி நீக்குவது? எவ்வளவை விட்டு வைப்பது?

இது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமே என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் முழுதும் சரியன்று. படத்தின் தெளிவு, பறவையின் இனத்தை அறிதல், படம் கூறும் செய்தியின் உண்மை, சில வேளைகளில் அப்பறவையின் உயிர் ஆகிய நான்கும் இக்கேள்வியுள் அடங்கியுள்ளன.

கத்தரித்தல் என்பது யாது?

படத்தின் ஓரங்களை வெட்டி நீக்கி, எஞ்சிய பகுதியைப் பெரிதாக்கிக் காட்டுவதே கத்தரித்தல். பிலிம் வழங்கிய காலத்தில் இருட்டறையிலே, படத்தைப் பெரிதாக்கும் கருவியின் கீழே தாளை வைத்து இதனைச் செய்தனர். இன்று கணினித் திரையில் செய்கின்றனர். கருவி மாறினும் செயல் ஒன்றே. கத்தரிப்பதால் படத்துள் புதிதாக ஒன்றும் வந்து சேர்வதில்லை. இருப்பதிலிருந்து ஒரு பகுதி எடுத்துக்கொள்ளப்படுகிறது, அவ்வளவே. ஆகையால் முதற்கண் அறிய வேண்டுவது, எவ்வளவு எஞ்சுகிறது என்பதாகும்.

எளிய கணக்கு ஒன்று

இக்காலக் காமிராக்கள் பலவற்றில் ஒரு படம் நீளத்தில் 6,000, அகலத்தில் 4,000 என்ற அளவில் படப்புள்ளிகளைக் கொண்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள். நீளத்தைப் பாதியாகவும் அகலத்தைப் பாதியாகவும் வெட்டினால், பாதிப் படம் எஞ்சும் என்று பலர் நினைக்கின்றனர். எஞ்சுவது பாதியன்று, காற்பங்கு. அதாவது 60 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் ஒன்பதில் ஒரு பங்கே, ஏறத்தாழ 27 இலட்சம் புள்ளிகளே, மிஞ்சும்.

நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொது வழக்கு. அவ்வழக்கின்படி முழுப் படத்தை 20 அங்குல நீளத்திற்கு அச்சிடலாம். பக்கங்களைப் பாதியாக்கியதை 10 அங்குலத்திற்கு அச்சிடலாம். மூன்றில் ஒன்றாக்கியதை ஏழு அங்குலத்திற்குள்தான் அச்சிடலாம். சுவரில் மாட்டித் தொலைவிலிருந்து காணும் படத்திற்கு இதனினும் குறைந்த அடர்த்தி போதும். கைபேசித் திரைக்கு இன்னும் குறைவாகவே வேண்டும். ஆகவே, இப்படம் எங்கே, எவ்வளவு பெரிதாகக் காட்டப்படப் போகிறது என்று கேட்டுக்கொண்டு வெட்டத் தொடங்குவது முறை.

மற்றொன்றும் கருதத்தக்கது. 400 மில்லிமீட்டர் லென்சால் எடுத்த படத்தைப் பக்கங்களில் பாதியாக வெட்டினால், 800 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அளவு பரப்பை அது காட்டும். ஆனால் அந்தப் பெரிய லென்சின் நுட்பம் அதற்கு வாராது. பறவை பெரிதாகும்போது குறைகளும் உடன் பெரிதாகின்றன. கை நடுக்கத்தால் நேர்ந்த மங்கல் இருமடங்காகத் தெரியும். மழைக்காட்டின் குறைந்த ஒளியில் எடுத்த படங்களில் மணல் தூவினாற்போலத் தோன்றும் கறையும் அவ்வாறே. இறகின் இழைகள் தனித்தனியே தெரியும் எல்லை வரை வெட்டலாம். அவை குழைந்து ஒன்றாகும் இடத்தில் நிறுத்துவது நன்று.

மூன்று வெண்கொக்குகள்

இனி, பறவையை இனங்காணும் பயனைப் பார்க்கலாம். சிங்கப்பூரின் வடமேற்கிலுள்ள சுங்கை பூலோ சதுப்பு நிலம் 1993ஆம் ஆண்டில் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டில் காப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பெரிய கொக்கு, இடைத்தரக் கொக்கு, சின்னக் கொக்கு ஆகிய மூன்று வெண்ணிறப் பறவைகளைக் காணலாம். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும்.

பெரிய கொக்கையும் இடைத்தரக் கொக்கையும் பிரித்தறிய ஒரு சிறந்த அடையாளம் வாய்க்கோடு. பெரிய கொக்கில் அலகிலிருந்து வரும் அக்கோடு கண்ணைக் கடந்து பின்னே நீள்கிறது. இடைத்தரக் கொக்கில் கண்ணின் கீழேயே முடிந்துவிடுகிறது. இதனைக் காட்ட வேண்டுமாயின் தலையை மட்டும் நெருக்கமாகக் கத்தரித்தல் தகும். சின்னக் கொக்கின் அடையாளமோ வேறிடத்தில் இருக்கிறது. அதன் கால்கள் கறுப்பு. பாதங்கள் பெரும்பாலும் மஞ்சள். தலையை மட்டும் வைத்துக்கொண்டு காலை வெட்டிவிட்டால், இனத்தைக் காட்டும் சான்றையே வெட்டியதாகும். மூன்றும் ஒரே நீர்நிலையில் நிற்கும் படமாயின், அவற்றின் உருவ வேறுபாடே அடையாளம். அங்கே மூன்றையும் ஒருங்கே விட்டு வைத்தல் வேண்டும். தனியே பெரிதாக்கப்பட்ட பறவையின் உயரத்தை எவராலும் அளந்தறிய இயலாது.

கால்களை வெட்டுவதில் இன்னோர் இழப்பும் உண்டு. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பறந்து செல்லும் கரைப்பறவைகள் சில, இச்சதுப்பு நிலத்தில் இறங்கி இளைப்பாறுகின்றன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றுள் சிலவற்றைப் பிடித்துக் காலில் சிறு வண்ணக் கொடிகளைப் பூட்டி விடுகின்றனர். அவ்வான்வழியில் இடத்திற்கு இடம் கொடியின் நிறச் சேர்க்கை வேறு. ஒரு படத்தில் அக்கொடி தெரிந்தால், அப்பறவை எங்கே பிடிக்கப்பட்டது என்பதை அறியலாம். அழகுக்கு ஊறு என்று கருதி அதனை வெட்டியவர், ஒரு பறவையின் பயணக் குறிப்பைக் கிழித்தெறிந்தவர் ஆவார்.

எங்கே இடம் விடுவது?

அழகு பற்றிய நெறிகள் சிலவே. பறவை நோக்கும் திசையிலும் பறக்கும் திசையிலும் இடம் விடுதல் வேண்டும். இல்லையேல் அது சுவரில் முட்டப் போவதுபோலத் தோன்றும். வால் நுனியையும் விரல் நுனியையும் மயிரிழையளவு வெட்டுதல் கூடாது. அது கவனக் குறைவாகவே தெரியும். வெட்டுவதாயின் துணிந்து வெட்டி, தலையும் மார்பும் மட்டும் உள்ள உருவப்படமாக்குவது மேல். நீரில் நிற்கும் நாரையின் நிழல் தெரிந்தால், நிழலை முழுதும் வைக்க வேண்டும். அன்றேல் முழுதும் நீக்க வேண்டும். படத்தை மூன்று மூன்றாகப் பகுத்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் பறவையின் கண்ணை வைப்பது என்ற வழக்கமும் உண்டு. இம்மூன்றிலொரு பங்கு விதிக்குப் பெயரிட்டு, 1797ஆம் ஆண்டில் ஒரு நூலில் எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர். அவர் பேசியது நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றி. பறவைப் படத்திற்கு அது வழிகாட்டியே அன்றிக் கட்டளை அன்று.

சட்டத்திற்கு அடங்கிய பறவை

சட்டத்தின் அளவு முன்னரே முடிவாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உள்ளது. ஜான் ஜேம்ஸ் ஆடுபான் என்னும் ஓவியர், வட அமெரிக்கப் பறவைகளை அவற்றின் இயற்கை அளவிலேயே தீட்டினார். 1827 முதல் 1838 வரை வெளிவந்த அத்தொகுதியில் 435 படங்கள் உள்ளன. அதன் தாள் ஏறத்தாழ 39 அங்குல உயரமும் 26 அங்குல அகலமும் உடையது. அக்காலத்தில் அது மிகப் பெரிய தாளே. எனினும் செந்நிறப் பூநாரை அதனினும் உயரமானது. ஆடுபான் பறவையைச் சிறிதாக்க விரும்பவில்லை. ஆகவே கழுத்தை வளைத்துத் தலையைத் தாழ்த்தி நிற்கும் நிலையில் வரைந்து தாளுக்குள் அடக்கினார்.

ஓவியர் பறவையை வளைக்கலாம். படம் பிடிப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை. அவர் சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். நெடிய பறவைக்கு நெடிய சட்டம், சிறகு விரித்த பறவைக்கு அகன்ற சட்டம் என அமைப்பதே பொருத்தம். எல்லாப் படங்களையும் ஒரே சதுரத்துள் திணிப்பது பலருடைய வழக்கம். நீண்ட வாலுடைய பறவைகளுக்கு அது தீங்கே செய்கிறது.

இருவாட்சியின் கூடு

மலேசியாவின் தேசியப் பறவையாகவும் சரவாக்கின் மாநிலப் பறவையாகவும் போற்றப்படுவது, மலாய் மொழியில் கென்யாலாங் எனப்படும் கொம்பு இருவாட்சி. ஆணின் கருவிழி சிவப்பு. பெண்ணின் விழி வெண்மை. இவ்வேற்றுமையை விளக்க முற்படும் ஆசிரியர், கண்ணும் அலகும் கொம்பும் மட்டும் தெரியுமாறு நெருக்கிக் கத்தரித்த படத்தை நாடுவார். அது சரியே.

ஆனால் அதன் வாழ்க்கையை விளக்க வேண்டுமாயின் அப்படம் உதவாது. பெண் பறவை முதிர்ந்த மரத்தின் பொந்துள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொள்கிறது. ஒரு சிறு பிளவு மட்டுமே விடப்படுகிறது. ஆண் பறவை பழங்களைக் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டுகிறது. இக்காட்சியில் அலகை மட்டும் வெட்டியெடுத்தால், ஒரு பறவை மரத்தைக் கொத்துகிறது என்றே மாணாக்கர் கருதுவர். அடிமரத்தின் பருமனும் பொந்தின் உயரமும் தெரிந்தால்தான், பெருமரங்கள் வீழ்ந்தால் இப்பறவைக்கு வீடில்லை என்பது சொல்லாமலே விளங்கும். இங்கே பறவை சிறியதாய் இருப்பது குறையன்று, அதுவே செய்தி.

நெருங்காமல் நெருங்குதல்

இங்கிலாந்தில் ரிச்சர்டு, செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார், 1895ஆம் ஆண்டில் பறவைக் கூடுகளைப் பற்றி முழுதும் நிழற்படங்களால் விளக்கிய நூலை வெளியிட்டனர். பறவைகள் அஞ்சாவண்ணம் அருகில் செல்வதற்கு, எருதின் தோலால் உட்குடைவான ஓர் உருவம் செய்து அதனுள் ஒளிந்திருந்தும் படம் எடுத்தனர். பறவையை அச்சுறுத்தல் கூடாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இன்று எருதுத்தோல் வேண்டுவதில்லை. தொலைவில் நின்று எடுத்துப் பின்னர் கத்தரிக்கலாம். இருந்தும் சட்டம் நிறையப் பறவை வேண்டும் என்ற ஆசையால் கூட்டின் அருகே செல்வோர் உளர். தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிட்டால், வெயிலில் முட்டைகள் கெடக்கூடும். காகமும் குரங்கும் கூட்டைக் கண்டுகொள்ளும். நூறு படப்புள்ளிகள் கூடுதலாகக் கிடைப்பதற்கு ஒரு கூட்டை விலையாகக் கொடுத்தல் தகாது. சற்றுத் தெளிவு குறைந்தாலும் தொலைவிலிருந்து எடுத்துக் கத்தரித்த படமே நல்லோர் படம்.

நெருக்கமான வெட்டு காவலாவதும் உண்டு. மலாய் மொழியில் பாராவ்-பாராவ் எனப்படும் வைக்கோல்தலைச் சின்னான், இனிய குரலுக்காகப் பிடித்து விற்கப்பட்டு, பல இடங்களில் அருகிவிட்டது. 2018ஆம் ஆண்டில் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் படத்தில் பாலமோ, பலகையோ, தனித்துத் தெரியும் மரமோ இருந்தால், பிடிப்போர்க்கு வழி சொன்னதாகும். அவற்றை வெட்டுவது கடமை. படத்தோடு மறைந்திருக்கும் இடக்குறிப்பு வெட்டினால் நீங்காது என்பதையும் நினைவிற்கொண்டு அதனைத் தனியே அழித்தல் வேண்டும்.

உண்மையின் எல்லை

வெட்டுதல் பொய்யாகுமா? பொதுவாக ஆகாது. எனினும் கூண்டின் கம்பியையோ இரை வைத்த தட்டையோ வெட்டிவிட்டு, காட்டில் தானே வந்த பறவை என்று எழுதினால், அது பொய்யே ஆகும். படத்தில் சேர்த்ததால் மட்டுமன்றி நீக்கியதாலும் பொய் பிறக்கலாம். நீக்கியது படத்தின் பொருளை மாற்றுமாயின், படத்தின் கீழ் ஒரு வரியில் அதனைக் குறிப்பிடுதல் நேர்மை. எதை வெட்டினாலும் மூலப் படத்தை அப்படியே பாதுகாத்து, படியில் மட்டும் கத்தரிப்பது நன்று. இன்று வேண்டாததெனத் தோன்றும் ஒரு மூலை, நாளை ஓர் ஆராய்ச்சியாளர்க்குச் சான்றாகக் கூடும்.

வகுப்பறையில் இதனை எளிதில் கற்பிக்கலாம். தடித்த அட்டையில், ட என்னும் எழுத்தின் வடிவில் இரண்டு துண்டுகளை வெட்டிக்கொள்ள வேண்டும். அவற்றை எதிரெதிராக ஒரு படத்தின்மேல் வைத்தால், விரும்பிய அளவுச் சட்டம் கிடைக்கும். ஒரே கொக்கின் படத்தை மாணாக்கர் மூவரிடம் கொடுத்து, ஒருவர் "இது என்ன பறவை?" என்னும் வினாவிற்கும், மற்றவர் "இது எங்கே வாழ்கிறது?" என்பதற்கும், மூன்றாமவர் "இது என்ன செய்கிறது?" என்பதற்கும் விடையாகுமாறு சட்டத்தை நகர்த்தச் செய்யலாம். மூன்று சட்டங்களும் வெவ்வேறாக அமையும். பின்னர் ஒவ்வொருவரும் தாம் மறைத்தவற்றை உரக்கப் படித்துச் சொல்லட்டும். எவ்வளவு கத்தரிக்கலாம் என்ற கேள்விக்கு அளவுகோல் கூறும் விடையைவிட, அந்தப் பட்டியல் கூறும் விடை தெளிவாக இருக்கும்.