சூரியத் தகடும் அதன் சக்திச் சிகரமும்

சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தகடுகளை இன்று நாடெங்கும் வீட்டு மாடிகளில் காண்கிறோம். ஒரு கோடி இல்லங்களில் அவற்றை அமைக்க உதவும் திட்டமொன்றை மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிற்று. தில்லியிலும் நாகபுரியிலும் ஆமதாபாத்திலும் வீடு கட்டி வாழும் தமிழன்பர்கள், எத்தனை வாட் தகடு வாங்கலாம் என்று விசாரிக்கிறார்கள். அத்தகடு தரக்கூடிய சக்தி முழுவதையும் பெற்றுத் தரும் கருவி எது என்பதையும் உடன் விசாரிப்பது நலம்.

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவதே மின்சக்தி. தகட்டிலிருந்து ஓட்டமே எடுக்காதபோது அழுத்தம் உச்சத்தில் நிற்கும்; சக்தி பூஜ்யம். இரு முனைகளையும் நேரே இணைத்தால் ஓட்டம் உச்சத்தில் இருக்கும். அழுத்தமின்மையால் அப்போதும் சக்தி பூஜ்யமே. இவ்விரண்டுக்கும் இடையே ஓரிடத்தில்தான் சக்தி தன் சிகரத்தை எட்டுகிறது.

உதாரணமாக, 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் 100 வாட் தகட்டை எடுத்துக்கொள்வோம். அதை 12 வோல்ட் பேட்டரியுடன் நேரே இணைத்தால், அழுத்தம் பேட்டரியின் அளவுக்கு இறங்கிவிடும். ஓட்டமோ சிறிதளவே கூடும். கிடைப்பது சுமார் 70 வாட். எஞ்சியது வீணே.

சிகரம் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. வெயிலில் தகடு சூடேறினால் அழுத்தம் குறைகிறது. மேகம் மறைத்தால் ஓட்டம் குறைகிறது. ஆகவே கருவி ஓயாமல் அதைத் தேடுகிறது. அழுத்தத்தைச் சிறிது மாற்றிப் பார்க்கும்; சக்தி கூடினால் அதே திசையில் மேலும் செல்லும்; குறைந்தால் திரும்பும். இருளில் காலால் தடவிக் குன்றேறுபவன் செயலை இது ஒக்கும்.

அடியைப் பெரிதாக வைத்தால், சிகரத்தை அடைந்தும் அங்கு நிற்காமல் இருபுறமும் தடுமாறும். சிறிதாக வைத்தால், மேகம் விலகும்போது சிகரத்தை எட்டத் தாமதமாகும். சரிவு செங்குத்தாக உள்ளபோது நீண்ட அடியும், சிகரத்தை நெருங்கும்போது குறுகிய அடியுமாகத் தானே மாற்றிக்கொள்வதுதான் தகவமைவுக் கட்டுப்பாடு.

நிழலால் வரும் சிக்கல் வேறு. தண்ணீர்த் தொட்டியின் நிழல் சில தகடுகள்மேல் விழுந்தால், ஒரு குன்றுக்குப் பதில் பல குன்றுகள் தோன்றும். எளிய கருவி சிறிய குன்றின் உச்சியையே சிகரமெனக் கருதி நின்றுவிடக்கூடும். நல்ல கருவி அவ்வப்போது அழுத்தத்தின் எல்லை முழுவதையும் ஆராய்ந்து உயர்ந்த குன்றைத் தேர்ந்தெடுக்கும்.

கடைகளில் இவ்வசதியை எம்.பி.பி.டி. என்பார்கள். மின்வாரியக் கம்பியோடு இணையும் இன்வர்ட்டர்களில் இது பொதுவாக அமைந்திருக்கும். பேட்டரிக்கான மலிவான கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில் இராது. வாங்குமுன் இதனைக் கேட்டறிக. நிழலைச் சமாளிக்கும் திறன் உண்டா என்றும் வினவுக. எனினும், எந்தக் கருவியும் இல்லாத வெயிலை உண்டாக்காது. நிழல் விழாத இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையதே.