லண்டன் தண்ணியும் தோலில் குடியிருக்கும் கிருமிகளும்

இந்தக் கிழமை எபிசோட்டில் நேரம் போதாமல் விட்ட விஷயம் ஒன்று: எக்ஸிமா. ஊரில் அம்மம்மாமார் கரப்பன் என்று சொல்லுற அதேதான். இரவிரவாகக் கடிச்சு, சொறிஞ்சு, நித்திரை இல்லாமல் போறவைக்கு இது சின்ன விஷயமில்லை.

தோலில் யார் யார்?

நம் தோலில் பக்டீரியா, பூஞ்சை, வைரஸ் என்று ஒரு ஊரே இருக்கு. பெரும்பாலானவை தொல்லை தராது. ஸ்டஃபிலோகொக்கஸ் ஹொமினிஸ் மாதிரிச் சிலது காவலும் காக்கும். அதே குடும்பத்து வில்லன் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸைக் கொல்லும் பொருட்களைச் சுரக்கும்.

முந்தி இதையெல்லாம் தட்டில் வளர்த்துத்தான் பார்க்கலாம். பல கிருமிகள் தட்டில் சரியாக வளராது. டிஎன்ஏவை நேரடியாக வாசிக்கத் தொடங்கியதும் படம் தெளிவானது. 2012இல் அமெரிக்காவில் ஹைடி கொங், ஜூலியா செக்ரே குழு எக்ஸிமா உள்ள பிள்ளைகளின் தோலை அப்படி வாசித்தது. எக்ஸிமா கிளம்பும்போது ஓரியஸ் பெருகி, மற்றவை ஒதுங்கின. சிகிச்சைக்குப் பிறகு மற்றவை திரும்பி வந்தன.

லண்டனுக்கு என்ன தொடர்பு?

ஆரோக்கியமான தோல் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது. அது ஓரியஸுக்குப் பிடிக்காது. கேத்திலில் வெள்ளையாகப் படியுதே, அந்தக் கல்சியம் நிறைந்த கடின நீரும் சவர்க்காரமும் சேர்ந்தால் அமிலத் தன்மை குறையும். 2016இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் மூன்று மாதக் குழந்தைகள் 1,303 பேரைப் பார்த்தபோது, கடின நீர்ப் பகுதிகளில் எக்ஸிமா கூடவாக இருந்தது.

அதுக்காகத் தண்ணியை மென்மையாக்கும் மெஷின் வாங்க ஓடாதேங்கோ. 2011இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், ஏற்கெனவே எக்ஸிமா உள்ள 336 பிள்ளைகளுக்கு அது உதவவில்லை.

நல்ல பக்டீரியாவைப் பூசலாமா?

2021இல் சான் டியேகோவில் ரிச்சர்ட் கல்லோ குழு ஹொமினிஸ் கலந்த கிறீமை 54 பேரில் சோதித்தது. பூசியவர்களில் ஓரியஸ் குறைந்தது. ஆனால் எக்ஸிமா எல்லாருக்கும் குறையவில்லை. அதே ஆண்டு ஃபோர்ட்டே பயோசயன்ஸஸ் நிறுவனத்தின் வேறொரு பக்டீரியா மருந்து, சோதனையில் போலி மருந்தை வெல்லவில்லை. ஆகவே "மைக்ரோபயோம்" என்று லேபிள் ஒட்டின விலைகூடின கிறீமைக் கண்டால், காசு குடுக்க முதல் யோசியுங்கோ.

இப்ப என்ன செய்யலாம்?

மணமில்லாத மொய்ஸ்சரைசரை ஒவ்வொரு நாளும் பூசுங்கோ. சவர்க்காரத்தைக் குறையுங்கோ. டொக்டர் தந்த ஸ்டீரொய்ட் கிறீமை, அம்மா பயப்படுறா என்று பாதியில் நிறுத்தாதேங்கோ. அழற்சி அடங்கினால்தான் நல்ல கிருமிகளும் திரும்பி வரும்.

கடைசியாக ஒன்று. மருத்துவப் புத்தகப் படங்களில் எக்ஸிமா பெரும்பாலும் சிவப்பு. நம்மட தோலில் அது கடும் மண்ணிறமாக, ஊதாவாக, சாம்பலாகத் தெரியலாம். கறுப்பினப் பிள்ளைகளில் சிவப்பை மட்டும் பார்த்து அளந்தால் கடுமையான எக்ஸிமா தவறிப்போகும் என்று 2002லேயே லண்டன் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அதனால ஜீபியிடம் போகும்போது நிறத்தை மட்டும் காட்டாமல், எத்தனை இரவு நித்திரை இல்லை என்றும் சொல்லுங்கோ. நீர் வடிஞ்சு, மஞ்சளாகப் பொருக்குக் கட்டினால் அல்லது காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கோ.

அடுத்த கிழமை சந்திப்பம்.