கறுத்துவிட்டதா? கவலை வேண்டாம்

வீட்டிலேயே டீசல் காருக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பொன்னிறமாக ஊற்றினேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டு டிப்ஸ்டிக்கை உருவினால் கன்னங்கரேல் என்று வருகிறது. போலி ஆயிலா?”

போலியாக இருக்கலாம். ஆனால் நிறத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. சொல்லப்போனால், டீசல் வண்டியில் புது ஆயில் சட்டென்று கறுப்பது இயல்புதான்.

முதலில் கணக்கு. சம்ப்பை எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் ஆயில் கூலரிலும் டர்போ குழாயிலும் சிலிண்டர் ஹெட்டின் பள்ளங்களிலும் பழையது கொஞ்சம் தங்கும். பழைய ஆயிலில் எடைக்கு 1 சதவீதம் கரி இருந்து, அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புது ஆயில் 0.1 சதவீதக் கரியோடு வேலையைத் தொடங்குகிறது. கறுக்க அது தாராளம்.

கரிக்குக் காரணம் டீசல் எரியும் விதம். அழுத்தத்தில் சூடேறிய காற்றுக்குள் பீய்ச்சப்படும் டீசல் விளிம்பில்தான் எரிகிறது. நடுவில் இருப்பதற்கு ஆக்சிஜன் போய்ச் சேரும் முன் வெப்பம் போய்ச் சேர்ந்துவிடும். அது கரியாகும். பெரும்பகுதி உடனே எரிந்துவிட, தப்பிய சில துகள்கள் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தில் ஒட்டும். பிஸ்டன் ரிங் அவற்றைக் கீழே வழித்துவிடும். புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். வந்தபின் இந்த வரத்து கூடியிருக்கிறது.

ஒரு துகள் சில பத்து நானோமீட்டர்தான். தனியாக இருக்கும்வரை பரம சாது. ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியானால் ஆயில் கெட்டிப்படும், கசடாகும். அதைத் தடுப்பது ஆயிலில் கலந்திருக்கும் ‘டிஸ்பர்சன்ட்’ மூலக்கூறு. நைட்ரஜன் உள்ள அதன் தலை கரியைப் பற்றும். நீண்ட ஹைட்ரோகார்பன் வால் ஆயிலோடு இழையும்.

கரித்துகள்களைப் பங்காளிகள் என்றும் டிஸ்பர்சன்ட்டை மச்சான்கள் என்றும் வைத்துக்கொள்வோம். பழைய பகையுள்ள பங்காளிகள் கல்யாண மண்டபத்துக்கு வருகிறார்கள். ஒவ்வொருவர் நுழைந்ததும் மச்சான்கள் நாலைந்து பேர், “வாங்க மாமா, காபி சாப்பிட்டீங்களா?” என்று கையைப் பிடித்தால் பிறகு விடுவதே இல்லை. இரண்டு பங்காளிகள் பக்கத்தில் வந்தாலும் நடுவில் மச்சான்களின் முதுகுகள். மண்டபம் பார்க்கச் சகிக்காத நெரிசல்; ஆனால் சண்டை இல்லை. புதிதாக வந்த மச்சான்கள், மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பழைய பங்காளிகளையும் எழுப்பிக் கூட்டத்துக்குள் இழுத்துவருவார்கள். வாசகரின் டிப்ஸ்டிக்கில் தெரிந்தது அந்தக் கூட்டமும் சேர்த்துதான். ஃபில்டர் வாசலில் நிற்கும் வாட்ச்மேன்: மாடு நுழைந்தால் விரட்டுவார், பங்காளியைத் தடுக்க அவருக்கு அதிகாரமில்லை. வேன் வேனாகப் பங்காளிகள் இறங்க, ஒரு கட்டத்தில் மச்சான்கள் தீர்ந்துபோவார்கள். அதற்குள் ஆயில் மாற்றியாக வேண்டும்.

வாட்ச்மேனைக் குறை சொல்லவில்லை. சாதாரண ஃபில்டர் நன்றாகப் பிடிப்பது 20 மைக்ரானுக்கு மேற்பட்ட உலோகத்துணுக்கையும் மண்ணையும். கரித்துகள் அதில் பல நூறில் ஒரு பங்கு.

வரலாறு வேண்டுவோருக்கு: டீசல் இன்ஜினின் காப்புரிமை 1893, அமெரிக்காவில் ஸ்வீட்லேண்டின் ‘பியூரோலேட்டர்’ ஃபில்டர் 1923, மெர்சிடிஸ் 260டி டீசல் கார் 1936. 1930களில் டிராக்டர் இன்ஜின்களில் பிஸ்டன் ரிங்குகள் பிசினில் ஒட்டிக்கொண்டு மக்கர் செய்தபோதுதான் ஆயிலில் கழுவும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். போதும்.

வேலைக்கு வருவோம். இன்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து இறங்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். திருகிப் பொருத்தும் ஃபில்டர் என்றால் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவிக் கையாலேயே முறுக்குங்கள். ‘ஃபில்டரை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்’ என்பது தப்பான சிக்கனம். அது அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். வறண்டு சாவதைவிட அழுக்கோடு வாழட்டும் என்பது இன்ஜினை வடிவமைத்தவரின் முடிவு. புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ள பி.எஸ்.6 வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான். கையேட்டில் போட்டிருக்கும் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் கூடவே தலையில் கட்டும் ‘நானோ’ பாட்டிலை விட்டுவிடுங்கள். ஆயில் தயாரித்தவர் ஏற்கெனவே அளந்து கலந்த சேர்மானத்தின் மேல் இன்னொரு ரசாயனத்தைக் கொட்டுவதில் அறிவியலைவிட லேபிள்தான் அதிகம். ஆயில் இன்னும் தாங்குமா என்று பார்க்கக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. வடிதாளில் ஒரு சொட்டு ஆயில் விட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். கறுப்பு விளிம்புவரை சீராகப் பரவியிருந்தால் டிஸ்பர்சன்ட் உயிரோடிருக்கிறது. கரி நடுவில் கெட்டியாக நின்று, வெளிறிய எண்ணெய் மட்டும் வளையமாக ஓடியிருந்தால் அதன் கதை முடிந்தது. அமிலத்தையோ, ஆயிலில் கலந்த டீசலையோ இந்தச் சொட்டு காட்டாது.

வடித்த ஆயில், மத்திய அரசின் 2016 கழிவு விதிகளின்படி அபாயக் கழிவு. சாக்கடையில் ஊற்றக் கூடாது. கறையானுக்கு அடிக்கவும் சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். டிரம்மில் சேர்த்து முறையாக மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். செலவானது பெரும்பாலும் சேர்மானம்தான். அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதியைக் காய்ச்சி வடித்து மறுபடி ஆயிலாக்கலாம்.