வார்ப்பில் விழுந்த கோடு

நானா வாங்கும் மத்தியகால ஐரோப்பிய வீரரின் மார்பளவுச் சிலைகளை, நிறம் தீட்டுமுன் சோதிப்பது என் வேலை. சிலிக்கன் அச்சில் ரெசின் ஊற்றி வார்த்தவை அவை. காற்று சிக்கினால் மூக்கு நுனியில் ஊசித்துளை விழும், புட்டியால் அடைக்கலாம். வளைந்த வாளை வெந்நீரில் இட்டு நிமிர்த்தலாம். அச்சின் பாதிகள் கூடுமிடத்தில் விழும் கோடுதான் வில்லங்கம். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். மழமழப்பான தலைக்கவசத்தில் ஓடினால் அரத்தாள் போதும். இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசத்தின் குறுக்கே ஓடினாலோ, தேய்க்கத் தேய்க்க வளையங்களும் அழிந்துபோகும். அத்தகைய சிலையை வெட்டாமல், ஒட்டாமல் கடைக்கே திருப்பிவிடச் சொல்வேன். நானாவுக்கு மனம் வராது! நல்லதையும் நீர் தொட்டு, முகக்கவசம் அணிந்தே தேய்க்க வேண்டும். ரெசின் தூசு நுரையீரலுக்கு ஆகாது.