வாசலில் நின்றவர்கள் – 9: ஐந்து சென்ட் முடிவெட்டு

மயோர்க்கா தீவின் அல்போன்ஸ் ரொட்ரிகஸ், கதவைத் தட்டிய ஒவ்வொருவரையும் ஆண்டவராகவே எண்ணி ஓடியவர். போன வாரம் பார்த்தோம், நினைவிருக்கும். இந்த வாரம் கனடாவின் மொன்றியால்.

அருட்சகோதரர் ஆந்திரேயிடம் வந்து குணமானவர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது சற்றுப் பொறுக்கட்டும். அவருடைய வரலாற்றில் ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு முடிவெட்டியிருக்கிறார். தலைக்கு ஐந்து சென்ட்.

யார் இவர்? 1845-ல் கியூபெக்கில் பிறந்த ஆல்ஃபிரட் பெசெட். மரம் விழுந்து அப்பா இறந்தார். காசநோய் அம்மாவைக் கொண்டுபோனது. பன்னிரண்டு வயதில் அநாதை. செருப்புத் தைத்தார், ரொட்டி சுட்டார், கொல்லுப் பட்டறையில் நின்றார், அமெரிக்கப் பஞ்சாலைகளில் உழைத்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பதே பெரும்பாடு. வயிற்றுவலி கடைசிவரை விடவில்லை. 1870-ல் திருச்சிலுவைச் சபைக்கு அவரை அனுப்பிய பங்குத்தந்தை, ‘ஒரு புனிதரை அனுப்புகிறேன்’ என்று எழுதினார். நோஞ்சான் உடம்பைப் பார்த்த சபை தயங்கியது. ஆயர் பூர்ஷே தலையிட்ட பிறகே நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டார்கள். நோத்ர்தாம் கல்லூரியின் வாயிற்காப்பாளர் வேலை கிடைத்தது. சபைக்குள் வந்ததுமே தனக்கு வாசலைக் காட்டிவிட்டார்கள், நாற்பது வருஷம் அங்கேயே நின்றுவிட்டேன் என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். மனக்குறை துளியும் இல்லாத சிரிப்பு அது.

கதவு திறப்பதோடு தரை துடைப்பது, விளக்கேற்றுவது, தபால் கொண்டுபோவது, முடிவெட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. கல்லூரிக்கு எதிரே மவுண்ட் ராயல் குன்று. அங்கே சூசையப்பருக்கு ஒரு சிற்றாலயம் எழும்ப வேண்டும் என்பது அவர் ஆசை. மேலிடம் ஒரு நிபந்தனையோடு தலையசைத்தது: கையில் காசு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குக் கட்டிக்கொள்ளலாம், கடன் கூடாது. சேர்ந்திருந்தது ஏறக்குறைய இருநூறு டாலர். முடிவெட்டில் வந்த காசும் அன்பர்கள் போட்ட சில்லறையும் சேர்ந்த தொகை. முழுவதும் முடிவெட்டுக் காசு என்றே வைத்துக்கொண்டால் நாலாயிரம் தலைகள்! 1904-ல் மரத்தாலான ஆலயம் எழுந்தது. பதினைந்தடிக்குப் பதினெட்டடி. பத்துப் பேர் நின்றாலே நெருக்கடி என்பதால் முன்பக்கக் கதவுகளை விரியத் திறந்து வைப்பார்கள். கூட்டம் வெளியே நின்று பூசை காணும். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. அவர் பெயர் கடல்கடந்து பரவியதெல்லாம் அதற்குப் பிறகுதான். குணமான கதைகளை நம்புவதா வேண்டாமா என்று வாதிடலாம். ஐந்து சென்ட் கணக்கில் வாதிட ஒன்றுமில்லை. அதனால்தான் இந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1909-ல் வாசலிலிருந்து விடுவித்து ஆலயத்தையே அவரிடம் ஒப்படைத்தார்கள். பகலெல்லாம் நோயாளிகள் வரிசை. மாலையில் நண்பர்களின் காரில் ஏறி, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்க்கப் போவார். வருஷத்துக்கு எண்பதாயிரம் கடிதங்கள் வந்தன. பதில் எழுதச் செயலர்களை வைக்க வேண்டியதாயிற்று. ‘நீங்கள்தான் குணமாக்கினீர்கள்’ என்று யாராவது சொன்னால் கடுகடுத்துவிடுவார். ‘நான் இல்லை, சூசையப்பர்!’ வரிசை நீண்ட நாள்களில் சலித்துக்கொண்டதும் உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அசதியோடும் எரிச்சலோடும் வாழ்ந்த ஒருவரிடமிருந்து வந்த மகிழ்ச்சி என்பதால்தான் அதை நம்புகிறேன்.

குன்றின் மேல் பேராலயம் எழும்பத் தொடங்கியபின் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. 1931-ல் பணி நின்றது. 1936-ல், தொண்ணூற்றொரு வயதில், ஆந்திரே ஒரு யோசனை சொன்னார்: கூரையில்லாத கட்டடத்துக்குள் சூசையப்பர் சுரூபத்தைக் கொண்டுபோய் வையுங்கள்; தலைக்கு மேல் கூரை வேண்டுமென்றால் அவரே பார்த்துக்கொள்வார். வைத்தார்கள். 1937 ஜனவரி 6-ல் அவர் கண்மூடினார். அதே ஆண்டு வேலை மீண்டும் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய ஆலயக் குவிமாடங்களில் ஒன்று இன்று அந்தச் சுவர்களின் மேல் நிற்கிறது. 2010-ல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆந்திரேக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

குணமானவர்களின் கதைகள் அடுத்த வாரம். 1973-ல் அவருடைய இதயத்தையே யாரோ திருடிக்கொண்டுபோன கதையும் உண்டு. அதுவரை, உங்கள் பங்கில் மணியடிக்கிற, கதவு திறக்கிற, பீடத் துணி மடிக்கிற கோயில்பிள்ளைகளைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.

(தொடரும்)