திறப்பு விழாவுக்கு முன்னே

லிங்கராஜபுரத்திலிருந்து சிவாஜிநகரிலுள்ள பௌரிங் ஆஸ்பத்திரிக்குப் பல்லாண்டுகளாகச் சென்று பழகிய நம் தமிழ்க் குடும்பத்துப் பாட்டிமார்கள், எந்த ஜன்னலில் சீட்டு வாங்குவது, எங்கே இரத்தப் பரிசோதனை, எந்தத் தாழ்வாரத்தின் கோடியில் மருந்து என்பதையெல்லாம், ஒரு பலகையையும் வாசிக்காமலே அறிந்திருப்பார்கள். அதே வட்டாரத்தில், பிராட்வே சாலையில், இன்போசிஸ் அறக்கட்டளையின் உதவியுடன் 2020-இல் கொரோனாக் காலத்தில் திறக்கப்பட்ட சரக மருத்துவமனையைப் போன்ற புதிய கட்டடம் ஒன்று எழும்போது, அந்தப் பழகிய அறிவு ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடுகிறது. நோயாளிக்கு மட்டுமல்ல, இருபது வருஷ அனுபவமுள்ள நர்ஸம்மாவுக்கும் அதே கதிதான்.

ரிப்பன் வெட்டும் வைபவத்துக்குத் தேதி குறிக்கிறவர்கள் மந்திரியின் சௌகரியத்தை விசாரிக்கும் அளவுக்கு வார்டுச் சிப்பந்திகளின் தயார்நிலையை விசாரிப்பதில்லை. புதுவீடு கட்டியவன்கூடப் பால் காய்ச்சுமுன் குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறான். இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையிலோ, 2016 மே மாதம், புதிதாகத் திறந்த குழந்தைகள் அறுவைக் கூடத்தில், பிராணவாயு வரவேண்டிய குழாயில் மயக்கமூட்டும் நைட்ரஸ் ஆக்சைடு வந்து, அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் மாண்டுபோயினர். குழாய்கள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு குழாய்வாயிலும் வருவது பிராணவாயுதானா என்று அளவுகருவியைப் பிடித்துப் பார்ப்பது சில நிமிஷ வேலை.

ஆகவே திறப்புக்கு முன் சில வாரங்களாவது ஒத்திகை நடக்க வேண்டும் என்பது ஆடம்பரமல்ல. ஒத்திகை என்றால் விரிவுரை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவதல்ல. சிப்பந்தி ஒருவரையே நோயாளியாகப் படுக்கவைத்து, சிலிண்டரும் சலைன் கம்பமும் இரண்டு நர்ஸுகளும் கூடவர, ஸ்ட்ரெச்சரை அவசரப் பிரிவிலிருந்து அறுவைக் கூடம் வரை தள்ளிப் பார்ப்பது. லிப்டில் எல்லாம் அடங்குகிறதா, கதவு மூடுகிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் கைகொடுக்கிறது, இரவுப் பணியில் தனியாக நிற்கும் இளம் நர்ஸுக்கு அட்ரினலின் எந்த இழுப்பறையில் இருக்கிறதென்று தெரியுமா என்பவை அப்போதுதான் வெளியாகும். துப்புரவுப் பணியாளரும் காவலாளியும் இதில் விலக்கல்ல. தீப்பிடித்தால் முதலில் புகையைக் காண்பவர் பெரும்பாலும் அவர்கள்தாம். கல்கத்தாவில் தாகூரியாவிலுள்ள ஆம்ரி மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 விடியற்காலையில், வாகனங்கள் நிற்க வேண்டிய நிலவறையில் குவித்திருந்த பொருள்கள் பற்றி எரிய, கண்ணாடி மூடிய கட்டடத்துள் புகை மேலேறித் தொண்ணூறு பேரளவில் உயிரிழந்தனர். கேரளத்து நர்ஸுகள் இருவர் நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டுத் தாமும் மாண்டனர். தைரியம் அங்கே குறைவாயிருக்கவில்லை, இல்லாதிருந்தது பயிற்சி.

இனி நோயாளிகளின் பக்கம். படுக்கையோடு இடம் மாற்றப்படுகிறவர், எங்கே, எப்போது, யார் பொறுப்பில் கொண்டுபோகப்படுகிறார் என்று கேட்க உரிமையுள்ளவர். கேஸ் ஷீட்டும் ஒவ்வாத மருந்தின் குறிப்பும் கூடவே வருகின்றனவா என்று பார்ப்பது உறவினர் கடமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம், நோயும் சிகிச்சையும் அவரவருக்குப் புரியும் பாஷையில் விளக்கப்பட வேண்டும் என்கிறது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த சம்மதப் பத்திரத்தில், வாசிக்கத் தெரியாமல் கைநாட்டு வைக்கும் நம்மவர்கள், “தமிழ்ல சொல்லுங்கம்மா” என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை; அது சலுகையன்று.

“எமர்ஜென்சி புது பில்டிங்குக்குப் போயிடுச்சு, அங்கே போங்க” என்று வாசலிலேயே ஒருவரைத் திருப்பியனுப்புவதும் சட்டத்துக்கு உகந்ததல்ல. ரயிலிலிருந்து விழுந்தவரைக் கல்கத்தா அரசு மருத்துவமனைகள் படுக்கையில்லையென்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிய வழக்கில், அது உயிர்வாழும் உரிமையை மீறியதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது.

தவறு நேர்ந்தால் முதலில் மருத்துவப் பதிவேடுகளை எழுத்து மூலம் கேளுங்கள்; கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதி. தனியார் மருத்துவமனையானால், கர்நாடகத்தின் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத் துணை ஆணையர் தலைமையிலான அதிகார அமைப்பிடம் முறையிடலாம். இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை அங்கே மனுக் கட்டணமில்லை. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளுக்கு இந்த நுகர்வோர் வழி பொருந்தாது. ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை: நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் 2011-இல் இதே வாயு மாறாட்டத்துக்கு ஆளாகிப் பின்னர் இறந்த பெண்ணின் குடும்பத்துக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 28 லட்ச ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது.