பாடப் போகலாமா, வேண்டாமா?

அமரவிளை: பாடத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்துவிட்டால் போதும். "டி.வி. பாட்டுப் போட்டிக்கு அனுப்பிப் பார்க்கலாமே!" என்று யோசனை சொல்ல ஊரே திரண்டுவிடும். வழிச் செலவுக்கு நூறு ரூபாய் நீட்டத்தான் ஆள் இருக்காது. போவதா, வேண்டாமா என்று தவிக்கும் இளைஞர்களும் பெண்களும் நம் எல்லையோர ஊர்களில் ஏராளம். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் அமரவிளை. கலால் சோதனைச் சாவடி என்றால் லாரி டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. மண்ணில் கோடு போட்டார்கள். பாட்டுக்குக் கோடு போட யாராலும் முடியவில்லை. திருவிழா மேடையில் மலையாள கானமேளா நடந்தாலும், நடுவில் ஒரு தமிழ்ப் பாட்டு கேட்காமல் கூட்டம் விடுவதில்லை.

ஜன்னலில் கேட்ட கேள்வி

பாலராமபுரம் சாலியர் தெருவைப் பற்றி வாசகர்கள் அறிவார்கள். பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட நெசவாளர்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். அப்படி ஒரு தறிக்காரர் வீட்டு இளைஞர், ஜவுளிக் கடையில் பில் எழுதுகிறவர், நான் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணே, மெட்ராஸ் போய்ட்டு வர எவ்வளவு ஆகும்?"

"வேலை விஷயமா தம்பி?"

"இல்லண்ணே, பாடுகதுக்கு. போகணுமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல்ல."

டியூட்டி முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். அப்பாவுக்கு முதுகு வலி. தறியில் முழுநாள் உட்கார முடியவில்லை. மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவது இவர் சம்பளம் மட்டுமே. கோயில் கொடைகளில் பாடுகிறார். பாட்டு நோட்டைக் காட்டினார். தமிழ்ப் பாட்டுகள் அத்தனையும் மலையாள எழுத்தில்! படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் பேச வரும், எழுத வராது. "இந்த நோட்டை அங்க பாத்தா சிரிப்பாவ இல்லியா?" என்பது அவர் பயம்.

எந்தக் கரைக்காரர் ஜெயித்தார்?

அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். விஜய் டி.வி.யின் சூப்பர் சிங்கர் போட்டி 2006-ல் தொடங்கியது. அதில் முதல் பட்டம் பெற்ற நிகில் மேத்யூ ஒரு மலையாளி. 2010-ல் ஜூனியர் பட்டம் பெற்ற அல்கா அஜித்தும், 2016-ல் வென்ற ஆனந்த் அரவிந்தாக்ஷனும் மலையாளிகளே. மறுபக்கம், ஏஷியாநெட்டின் ஐடியா ஸ்டார் சிங்கர் ஐந்தாவது தொடரில் முதலிடம் பிடித்தவர் சென்னைப் பாடகி கல்பனா ராகவேந்தர்.

இரு போட்டிகளிலும் நடுவராக அமர்ந்தவர் திருவனந்தபுரத்துச் சித்ரா. அவர் முதன்முதலாகத் தேசிய விருது வாங்கியது எந்த மொழிப் பாட்டுக்கு? "சிந்து பைரவி" என்ற தமிழ்ப் படத்தின் பாட்டுக்கு! ஆகவே நோட்டில் இருக்கும் எழுத்து தடையல்ல. பொருள் தெரியாமல் பாடுவதுதான் தடை. பொருள் தெரியாதவர் சொல்லை உடைக்கக் கூடாத இடத்தில் உடைத்து மூச்சு வாங்குவார். தமிழ் படித்த பெரியவர் ஒருவரிடம் வரிவரியாக அர்த்தம் கேட்டுக்கொண்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

ஆனால் ஜெயித்தவர்களிடம் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. கல்பனா போட்டிக்கு வருமுன்பே பல ஆண்டுகள் சினிமாவில் பாடியவர். 2018-ல் வென்ற புதுக்கோட்டைப் பக்கத்துச் செந்தில் கணேஷ், மனைவி ராஜலட்சுமியோடு ஊர் ஊராக நாட்டுப்புறப் பாட்டு மேடை ஏறியவர். டி.வி. அவர்களைப் பாடகராக்கவில்லை; பாடகராக இருந்தவர்களை நாட்டுக்குக் காட்டியது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு வந்துவிடும்.

செலவுக் கணக்கு

மீதிப் பாதி கணக்கு. நாகர்கோவிலிலிருந்து சென்னை எழும்பூர் ஏறக்குறைய 730 கிலோமீட்டர். மாலை அனந்தபுரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் மறுநாள் காலை இறங்கலாம். ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டும். பிறகு திரும்ப வேண்டும். ஆக மூன்று நாள் லீவு. தினக்கூலிக்காரருக்கு மூன்று நாள் கூலி போயிற்று. சாப்பாடு, தங்கும் இடம் தனி. ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும் இடத்தில், ஒரு பல்லவி முடியும் முன்பே "போதும், நன்றி" என்று சொல்லிவிடக்கூடும். அது அவமானமல்ல; அங்கே வழக்கம்.

தேர்வாகிவிட்டால் கணக்கு இன்னும் பெரிது. பல மாதங்கள் படப்பிடிப்புக்கு அடிக்கடி போய்வர வேண்டும். பில் எழுதும் நாற்காலியை அத்தனை நாள் எந்த முதலாளியும் காலியாக வைத்திருக்கமாட்டார். குடும்பம் அந்த மாதங்களை எப்படி ஓட்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டே புறப்பட வேண்டும்.

பரிசிலும் ஒரு பங்கு சர்க்காருக்கு உண்டு. டி.வி. போட்டிப் பரிசுக்கு 30 சதவீத வருமான வரி; அதன்மேல் செஸ் வேறு. பரிசு வீடாகவோ காராகவோ இருந்தாலும், வரியைப் பணமாகக் கட்டிய பிறகுதான் சாவி கைக்கு வரும்.

சிறுவர் சிறுமியரை அனுப்பும் பெற்றோர் கவனிக்க: 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, குழந்தைக் கலைஞரை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் பாங்கில் போட வேண்டும். பள்ளிப் படிப்பும் கெடக் கூடாது.

"உள்ளே ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால், அந்தத் திண்ணையை விட்டு உடனே எழுந்துவிடுங்கள்.

வேறு வாசல்களும் உண்டு

பாட்டுக்கு டி.வி. ஒன்றே வாசலா? நெய்யாற்றின்கரை வாசுதேவன் இந்தத் தாலுகாவின் பெயரைத் தன் பெயரோடு சுமந்தவர். கர்நாடக இசை மேடைகளிலும் திருவனந்தபுரம் வானொலியிலும் பாடியே உயர்ந்தார். 2004-ல் பத்மஸ்ரீ பெற்றார்; 2008-ல் மறைந்தார். எந்த டி.வி. போட்டியும் அவரை உயர்த்தவில்லை.

நாகர்கோவில் வானொலி நிலையம் 1984-ல் தொடங்கியது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமை அதற்கு உண்டு. வானொலிக் குரல் தேர்வில் முகவெட்டோ, குடும்பக் கண்ணீர்க் கதையோ தேவையில்லை, குரல் போதும். தேர்வானவர்களுக்குத் தரம் பிரித்துச் சன்மானமும் தருகிறார்கள்.

கைபேசியும் ஒரு வாசலாகிவிட்டது. ஆலப்புழை மாவட்டம் நூறநாட்டைச் சேர்ந்த தொழிலாளி ராகேஷ் உண்ணி, வேலைக்கு நடுவே "விஸ்வரூபம்" படப் பாட்டைப் பாடிய காட்சி 2018-ல் கை மாறிக் கை மாறிப் பரவியது. அந்தப் பாட்டைப் பாடிய சங்கர் மகாதேவனே கேட்டுவிட்டு அவரைத் தேடினார். முதல் கட்டத் தேர்வுக்குக் கைபேசிப் பதிவையே அனுப்பச் சொல்லும் போட்டிகளும் உண்டு. அந்த வசதி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

நெசவாளர் வீட்டுத் தம்பி என்ன செய்தார்? மூன்று நாள் லீவு கேட்டாராம். முதலாளி, ஓணம் வியாபாரம் முடியட்டும் என்றாராம். "அதுக்குள்ள நோட்டிலுள்ள பாட்டுக்கெல்லாம் அர்த்தம் படிச்சிருவேன் அண்ணே" என்றார். போவது என்று முடிவு செய்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. அவர் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் கணக்கிலும் நியாயம் இருக்கிறது.

முடிவு செய்ய எளிய வழி ஒன்று உண்டு. "ஜெயித்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டால் ஆசைதான் பதில் சொல்லும். "முதல் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் எனக்கு என்ன மிஞ்சும்?" என்று கேளுங்கள். வேலை மிஞ்சும், கடன் இருக்காது, அடுத்த கொடையில் முன்போலவே பாடுவேன் என்று சொல்ல முடிந்தால் தாராளமாகப் போங்கள். போகாமலே இருந்துவிட்டு நாற்பது வயதில் டி.வி. முன் உட்கார்ந்து பெருமூச்சு விடுவதும் ஒரு நஷ்டம்தான். ஆனால் தாயின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துத்தான் போக வேண்டுமென்றால், இந்த வருஷம் பொறுங்கள். போட்டி அடுத்த வருஷமும் வரும். அடகுக் கடைக்குப் போன சங்கிலி திரும்பி வருவது நிச்சயமில்லை.